வீடு என்னும் தொழிற்பெயர்

எங்கள் வீட்டு மொட்டைமாடியின் மூலைகளில் இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. கீழிருந்து தூண்களின் வழியே ஏறிவந்த கம்பிகளின் மிச்சம் அது. பின்னொரு நாள் மேலே இன்னொரு தளம் எழுப்ப நேர்ந்தால் புதுக் கம்பியை அவற்றோடு சேர்த்துக் கட்டலாம் என்று வெட்டாமல் விடப்பட்டவை. துருவேறாமலிருக்க அப்பா அவற்றுக்குச் சிமெண்டுப் பால் பூசி, நுனிகளில் பழைய புட்டிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்கள் அத்தை வருவார். துணி உலர்த்த மாடிக்குப் போனவர் இறங்கி வந்ததும், "இன்னும் முடிக்கலையா அண்ணே?" என்று கேட்பார். அப்பா சிரித்துக்கொண்டே, "முடிச்சிட்டா அப்புறம் என்னம்மா வேலை?" என்பார். ஆண்டுதோறும் இதே கேள்வி, இதே பதில். சிறுவயதில் எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. அந்தக் கேள்வியையும் பதிலையும் இப்போது மீண்டும் நினைத்துப் பார்க்க வேண்டிய கட்டாயம் எங்களுக்கு நேர்ந்திருக்கிறது.

சேர்ந்து எழுதும் நாங்கள் இருவரும் அக்காவும் தம்பியும். எங்கள் நினைவுகள் முழுவதும் ஒத்துப்போவதில்லை. ஒத்துப்போனவற்றை மட்டுமே இங்கே எழுதுகிறோம். எழுதக் காரணம், அண்மையில் ஒரு கட்டுமானக்காரர் எங்கள் வரிசையிலுள்ள நான்கு மனைகளைச் சேர்த்து வாங்க விரும்பிக் கேட்டு வந்ததுதான். மற்ற மூன்று வீட்டாரும் ஏறக்குறைய இசைந்துவிட்டார்கள். எங்கள் மனை நடுவில் இருக்கிறது.

* * *

கொடுங்கையூர் என்றதும் சென்னைவாசிகள் பலருக்கும் குப்பைமேடுதான் நினைவுக்கு வரும். அதில் தவறில்லை. அந்த மேட்டில் தீப்பிடிக்கும் நாள்களில் எங்கள் தெருவில் சன்னல்கள் திறக்கப்படுவதில்லை. ஆனால் எங்கள் குடியிருப்பின் முழுப்பெயர் கவியரசு கண்ணதாசன் நகர். பேருந்துப் பலகையில் அது மூன்று ஆங்கில எழுத்துகளாகச் சுருங்கி கே.கே.டி. நகர் ஆகிவிட்டது. பக்கத்திலேயே முத்தமிழ் நகர். இலக்கியத்தின்மீது பற்றுக்கொண்ட எவரும் இப்படியொரு முகவரி வாய்த்ததற்கு மகிழத்தான் வேண்டும். இருப்பினும் எங்கள் நகரின் உண்மையான வரலாறு கவிஞரின் பெயரில் இல்லை. 1977இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் இருக்கிறது.

உலக வங்கியின் கடனுதவியோடு அவ்வாண்டு சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் ஒரு பகுதியாக அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய மூன்று இடங்களில் வீட்டுவசதி வாரியம் மனைகளைப் பிரித்தது. வழக்கமான வாரியத் திட்டங்களில் அரசு வீட்டைக் கட்டிச் சாவியைக் கொடுக்கும். இங்கே வீடு கொடுக்கப்படவில்லை. மனையும் அடிப்படை வசதிகளும் மட்டுமே கொடுக்கப்பட்டன. தெரு, வடிகால், மின்கம்பம், குழாய், மனையின் பின்புறத்தில் ஒரு கழிப்பறை. எஞ்சியதை மனைக்காரர் தம் வசதிக்கேற்ப, தம் வேகத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். மனையின் விலையை மாதத் தவணையில் அடைக்க வேண்டும்.

மிகச் சிறிய மனை சுமார் 40 சதுர மீட்டர். சென்னைக் கணக்கில் சொன்னால் ஒரு கிரவுண்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. எங்களுக்கு விழுந்தது அத்தகைய மனைதான். அப்பா பெரம்பூர்ப் பக்கத்து ஆலையொன்றில் வேலை பார்த்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் குலுக்கலில் பெயர் வந்ததும், ஒரு சீட்டைத் தள்ளி எடுத்து முன்பணம் கட்டினார். முதன்முறை எங்களை அழைத்துக்கொண்டுபோய் மனையைக் காட்டியபோது, வெட்டவெளியில் வரிசை வரிசையாக நின்ற கழிப்பறைகளைப் பார்த்து எங்களில் இளையவன் அழுதுவிட்டானாம். வீடு எங்கே என்று கேட்டதற்கு அப்பா தரையைக் காட்டியிருக்கிறார்.

முதலில் ஓலைக்கூரை. மூன்றாம் ஆண்டில் செங்கல் சுவரும் சிமெண்டு ஷீட்டும். அம்மா முன்னறையில் தையல் இயந்திரம் போட்டபின் அந்த அறை மட்டும் நாலடி முன்னே வந்தது. 1989இல் தளம் போட்டோம். கான்கிரீட் போட்ட அன்று காலை மேஸ்திரிக்கும் சித்தாள்களுக்கும் அம்மா பொங்கலும் வடையும் செய்து பரிமாறியதும், அன்றிரவு முழுவதும் மழை வந்துவிடுமோ என்று அப்பா வாசலிலேயே உட்கார்ந்திருந்ததும் எங்கள் இருவர் நினைவிலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. தொண்ணூறுகளில் ஆலை மூடப்பட்டது. கையில் கிடைத்த தொகையில் அப்பா மாடியில் ஓர் அறையும் சமையலறையும் எழுப்பி வாடகைக்கு விட்டார். எங்களில் மூத்தவள் கல்லூரிக்குப் போனது அந்த வாடகையில். சுருங்கச் சொன்னால், எங்கள் குடும்பத்தின் ஒவ்வொரு நல்லதும் கெட்டதும் அந்த வீட்டின் சுவர்களில் ஏதோவொரு மாற்றமாகப் பதிந்திருக்கிறது.

* * *

இந்தத் திட்டத்தின் பின்னணியிலுள்ள சிந்தனையைப் பற்றி நாங்கள் வெகுகாலம் கழித்தே படித்தறிந்தோம். ஜான் டர்னர் என்னும் ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர் 1957 முதல் சில ஆண்டுகள் பெரு நாட்டில் பணியாற்றினார். லிமா நகரின் ஓரங்களில் ஏழைகள் தாமாகக் குடியேறி எழுப்பிய வீடுகளைக் கூர்ந்து கவனித்தார். அவை முதலில் பாய்த் தட்டிகளாக இருந்தன. இருபது ஆண்டுகளில் மாடி வீடுகளாயின. அரசு கட்டிக்கொடுத்த வீடுகளோ முதல்நாள் எப்படி இருந்தனவோ அப்படியே பழுதாகிக்கொண்டிருந்தன. 1972இல் வெளிவந்த ஒரு நூலில் அவர் முன்வைத்த கருத்து மிகச் சுருக்கமானது: குடியிருப்பு என்பதைப் பெயர்ச்சொல்லாக அல்ல, வினைச்சொல்லாகப் பார்க்க வேண்டும். வீடு என்பது என்ன என்று கேட்காமல், அது வாழ்வோருக்கு என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும். அதே 1972இல் உலக வங்கி செனகல் நாட்டில் தன் முதல் மனைத் திட்டத்தைத் தொடங்கியது. ஐந்தாண்டுகளில் அந்தச் சிந்தனை கொடுங்கையூர் வயல்வெளிக்கு வந்து சேர்ந்தது.

டர்னர் தமிழ் அறிந்திருந்தால் வியந்திருப்பார் என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. பள்ளியில் இலக்கணம் படித்த எவருக்கும் தெரியும்: கெடு என்பது கேடு ஆவதுபோல, படு என்பது பாடு ஆவதுபோல, விடு என்னும் வினையின் முதலெழுத்து நீண்டு வீடு ஆகிறது. முதனிலை திரிந்த தொழிற்பெயர். நம் மொழியில் வீடு என்பது தொடக்கத்திலேயே ஒரு செயலின் பெயர். விடுதலையும் அதில் இருக்கிறது. ஒன்றை விட்டுவிட்டு வருதலும் அதில் இருக்கிறது. ஊரை விட்டு வந்தவர்களால் ஆன ஒரு நகருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா என்று தெரியவில்லை.

திட்டத்தை வகுத்தவர்கள் நிலத்தைப் பிரித்த முறையையும் சொல்ல வேண்டும். உட்தெருக்களில் சிறு மனைகள். அகன்ற சாலைகளின் ஓரத்தில் நடுத்தர, பெரிய மனைகள். பெரிய மனைகளையும் கடைக்கான மனைகளையும் சந்தை விலைக்கு விற்று, அதில் வந்த மிகுதியால் சிறு மனைகளின் விலையைத் தாங்கினார்கள். பள்ளிக்கும் விளையாட்டுத் திடலுக்கும் சிறு தொழிற்கூடங்களுக்கும் இடம் ஒதுக்கினார்கள். இதன் பயன் எங்களுக்குக் கண்கூடு. எங்கள் தெருமுனையில் ஒரு மருத்துவர் பெரிய மனையில் வீடு கட்டிக் கீழே சிகிச்சையகம் வைத்தார். அவர் மகளும் எங்களில் மூத்தவளும் ஒரே வகுப்பு. ஏழைக்கென்று தனி ஊர், வசதியுள்ளோர்க்கென்று தனி ஊர் என்றில்லாமல், முந்நூறு அடி தூரத்தில் இரண்டும் கலந்திருந்தன. மூன்று இடங்களும் சென்ட்ரலிலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டருக்குள் அமைந்திருந்தன என்பது அனைத்திலும் முக்கியம். அப்பா ஆலைக்குச் சைக்கிளில் போனார். அரைமணி நேரம்.

நில ஒதுக்கீடு என்பது வரைபடத்தில் மஞ்சளும் நீலமும் பூசுகிற வேலை என்று நினைத்திருந்த எங்களுக்கு, ஒரு குடும்பத்தின் நாளில் எத்தனை மணிநேரம் மிஞ்சும் என்பதையே அது முடிவு செய்கிறது என்று புரிய நாளாயிற்று. அதை எங்களுக்குப் புரியவைத்தவர் அத்தை.

* * *

அப்பாவுக்கு மனை விழுந்த அதே காலத்தில் அத்தையும் மாமாவும் சிந்தாதிரிப்பேட்டைக்கு அருகே கூவம் கரையில் குடிசையில் இருந்தார்கள். மாமா மீன்பாடி வண்டி ஓட்டினார். அத்தை மீன் சந்தையில், வாங்கியவர்களுக்கு மீனைச் செதிலெடுத்து வெட்டிக் கொடுப்பார். நீயும் ஒரு விண்ணப்பம் போடு என்று அப்பா மாமாவிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். முன்பணம் புரட்ட வழியில்லை என்றார் மாமா. அதைவிடப் பெரிய காரணம், விடியுமுன் மீன் வந்திறங்கும் இடத்தைவிட்டு நகர அவர்களுக்கு மனமில்லை. சந்தைக்கு நடந்துபோகும் தூரத்தில் ஒரு குடிசை, கொடுங்கையூரில் ஒரு மனையைவிட அவர்களுக்கு மதிப்புடையதாக இருந்தது. அந்தக் கணக்கு தவறென்று இன்றும் எங்களால் சொல்ல முடியவில்லை.

சிந்தாதிரிப்பேட்டையே அத்தகைய கணக்கில் பிறந்த ஊர்தானே! 1734இல் கிழக்கிந்தியக் கம்பெனி துணி வணிகத்துக்காக நெசவாளர்களையும் நூல் நூற்பவர்களையும் கூவத்தின் வளைவில் குடியமர்த்தியது. சின்னத் தறிப் பேட்டை என்பதே மருவிச் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பர். தொழிலும் குடியிருப்பும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது அன்று கம்பெனியின் இலாபத்துக்கே தெரிந்திருந்தது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அத்தை வீட்டில் கழுத்தளவு தண்ணீர். அதன்பின் ஆற்றங்கரைக் குடியிருப்புகளை அகற்றும் பணி விரைவுபெற்றது. 2017இல் அத்தைக்கு நகரின் தென்கோடியில், சுமார் 25 கிலோமீட்டருக்கு அப்பால், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆறாவது மாடியில் வீடு கிடைத்தது. மாமா அதற்கு முன்பே போய்விட்டார்.

நாங்கள் நேர்மையாக எழுத வேண்டும். அத்தை முதலில் அந்த வீட்டை வெறுக்கவில்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது. வீட்டுக்குள்ளேயே கழிப்பறை இருந்தது. "ராத்திரி மழை பேஞ்சா இப்போ தூங்குறேன்" என்று சொன்னார். அதைச் சிறிய விஷயம் என்று நினைப்பவர்கள் ஆற்றங்கரையில் ஒரு மழைக்காலத்தையும் கழித்திராதவர்கள்.

ஆனால் சந்தை விடியற்காலையில் தொடங்குகிறது. முதல் பேருந்து பிடித்து, மாறி, இறங்கி நடந்து அவர் போய்ச்சேரும்போது மீன் வாங்க வந்த கூட்டம் கலையத் தொடங்கியிருக்கும். மூன்று மாதம் முயன்றார். பிறகு நிறுத்திவிட்டார். அறுபது வயதுக்குமேல் புதிய வேலை எங்கே கிடைக்கும்? கீழே உட்கார்ந்து ஏதாவது விற்கலாமென்றால் ஆறாவது மாடியில் வாசல் என்பது ஒரு நடைவழி. சுவரை இடித்து முன்னே நகர்த்த முடியாது. மாடியில் ஓர் அறை எழுப்பி வாடகைக்கு விட முடியாது. மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு. மின்தூக்கி நின்றுபோன நாள்களில் அத்தை கீழே இறங்குவதேயில்லை. எங்கள் அம்மாவுக்குத் தையல் இயந்திரமும் வாடகையும் எப்படிக் கைகொடுத்தனவோ, அவற்றுக்கு இணையான எதற்கும் அந்த வீட்டில் இடமில்லை. அது முழுமையாகக் கட்டி முடிக்கப்பட்ட வீடு. அதுவே அதன் குறை.

* * *

அத்தையின் கதை ஒருவருடையது மட்டுமன்று. 1970இல் குடிசை மாற்று வாரியம் தோன்றியபோது, முதல் ஆண்டுகளில் பெரும்பாலும் குடிசைகள் இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்புகள் எழுப்பப்பட்டன. நகரின் நடுவே இன்றும் அவற்றில் பலவற்றைக் காணலாம். நகர நிலத்தின் விலை ஏற ஏற, அந்த வழக்கம் மங்கியது. 2000ஆம் ஆண்டு முதல் பழைய மாமல்லபுரம் சாலைக்கு அருகே கண்ணகி நகர் எழுந்தது. பின்னர் செம்மஞ்சேரி, அதன்பின் பெரும்பாக்கத்தின் எட்டடுக்குக் கட்டடங்கள். கண்ணகி நகரின் முதற்கட்ட வீடுகள் 200 சதுர அடியைக்கூடத் தொடாதவை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள், ஏறக்குறைய ஒரே வருமான நிலையிலுள்ளவர்கள், ஒரே இடத்தில். வெள்ள அபாயத்தைக் காரணம் காட்டி ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களில் பலர் வந்துசேர்ந்த இடம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் சுற்றுப்புறம். மழைக்காலத்தில் செம்மஞ்சேரியில் தண்ணீர் தேங்குவது அங்குள்ளோர்க்குப் புதிதன்று. அந்தச் சதுப்புநிலம் 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

கண்ணகி நகர் என்னும் பெயர் எங்களை வெகுநாள் உறுத்தியதுண்டு. புகாரை விட்டுப் புறப்பட்ட ஒருத்தியின் பெயரை, நகரை விட்டு அனுப்பப்பட்டவர்களின் ஊருக்கு வைத்தவர் அதை எண்ணித்தான் வைத்தாரா?

சிலப்பதிகாரத்தைத் திரும்ப எடுத்துப் படித்தபோது, இந்திரவிழவு ஊரெடுத்த காதை ஒரு நகரத் திட்டம்போலவே எங்களுக்குத் தோன்றியது. கடலை ஒட்டிய மருவூர்ப்பாக்கத்தில் யவனரும் நெய்பவரும் மீன் விற்பவரும் கொல்லரும் தச்சரும் தையற்காரரும் வாழ்கிறார்கள். பட்டினப்பாக்கத்தில் அரச வீதியும் பெருவணிகர் மனைகளும். இரண்டுக்கும் இடையே மரங்கள் அடர்ந்த நாளங்காடி. பிரிவினை அங்கும் இருக்கிறது, மறுக்கவில்லை. எனினும் மருவூர்ப்பாக்கத்தாரின் தொழிலும் குடியிருப்பும் ஒரே இடத்தில் இருந்தன, சந்தை இருபாலார்க்கும் நடுவில் இருந்தது.

மதுரைக் காண்டத்தில் இன்னொரு செய்தி. கோவலனும் கண்ணகியும் வந்துசேரும்போது நேரே நகருக்குள் போய்விடவில்லை. கோட்டைக்கு வெளியே புறஞ்சேரியில் தங்குகிறார்கள். வந்தவர்கள் விளிம்பில் நிற்பது அன்றே இருந்திருக்கிறது. அங்கிருந்து மாதரி என்னும் ஆயர்குலப் பெண் கண்ணகியை அழைத்துப்போய்த் தன் மனைக்கருகே, செம்மண் பூசிய பந்தலோடு கூடிய ஒரு சிறுவீட்டில் அமர்த்துகிறாள். தங்களுக்கென ஓர் அடுப்பு மூட்டி, கண்ணகி அங்கே சமைக்கிறாள். கையிலிருந்த சிலம்பை விற்றுத் தொழில் தொடங்கக் கோவலன் அங்கிருந்து நடந்தே நகருக்குள் போகிறான். அதன்பின் நடந்தது நாடறிந்தது. ஆனால் மாதரி தன்னளவில் செய்தது சரி. வந்தவர்களுக்குச் சிறிது இடமும், நகருக்கு நடந்துபோகும் தூரமும், தாங்களே தொடங்கிக்கொள்ளும் உரிமையும் அவள் கொடுத்தாள். கொடுங்கையூர்த் திட்டத்தின் சாரமும் ஏறக்குறைய அதுதான்.

* * *

எங்கள் நகரைப் பொன்னுலகமாக்கிக் காட்டுவது எங்கள் நோக்கமன்று. மனை பெற்ற எல்லோரும் நிலைக்கவில்லை. மகள் கல்யாணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் மனையை விற்றுவிட்டு மறைந்துபோன முகங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. முன்பணம் கட்ட முடிந்தவர்களுக்குத்தான் திட்டம் எட்டியது, மாமாவைப் போன்றவர்களுக்கு எட்டவில்லை. எங்கள் மனை இருந்த இடத்தில் முன்பு ஏரோட்டியவர்களைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. தொடக்க ஆண்டுகளில் ஊர் நிரம்ப வெகுகாலம் பிடித்தது. காலி மனைகளில் முட்செடி மண்டிக் கிடந்தது. உலக வங்கியும் இத்தகைய திட்டங்கள் மெதுவானவை, ஏழைகளைச் சென்றடையாதவை என்று முடிவுகட்டித் தொண்ணூறுகளில் அவற்றிலிருந்து விலகிக்கொண்டது.

2018இல் ஓவன்ஸ், குல்யானி, ரிஸ்வி ஆகிய மூன்று ஆய்வாளர்கள் மும்பையிலும் சென்னையிலும் உள்ள அந்தப் பழைய மனைத் திட்டங்களைத் திரும்பிப் பார்த்து ஓர் ஆய்விதழில் எழுதினார்கள். தோல்வி என்று ஒதுக்கப்பட்டவை, காலம் கொடுத்தபின் மக்கள் நெருங்கி வாழும், பல வருமான நிலையினரும் கலந்திருக்கும், உயிர்ப்புள்ள குடியிருப்புகளாகியிருக்கின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. அதைப் படித்தபோது எங்கள் தெருவையே யாரோ எங்களுக்கு விளக்கிச் சொன்னதுபோல இருந்தது. மதிப்பிட வந்தவர்கள் சீக்கிரம் வந்துவிட்டார்கள், அவ்வளவுதான். எங்கள் வீட்டை 1985இல் யாராவது அளந்திருந்தால் அதுவும் தோல்விக் கணக்கில்தான் சேர்ந்திருக்கும்.

இதைப்போலவே கண்ணகி நகரையும் அவசரப்பட்டு எடைபோட்டுவிடக் கூடாது என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்கிறோம். அந்த முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று அங்குள்ள இளைஞர்கள் ஆண்டுக்கணக்கில் குறைப்பட்டதுண்டு. 2025இல் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் அந்நகரின் பெண் ஒருவர் இருந்தார். ஊரின் பெயரை அவர் மறைக்கவில்லை, பெருமையோடு சொன்னார். மக்கள் எங்கே விடப்பட்டாலும் அங்கே எதையாவது எழுப்பத்தான் செய்கிறார்கள். ஆனால் அதற்கு அவர்கள் திட்டத்தை எதிர்த்துப் போராட வேண்டியிருப்பதும், எங்களுக்குத் திட்டமே துணைநின்றதும் ஒன்றாகா.

2008இல் ஒப்புதல் பெற்ற சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம், ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட குடியிருப்புத் திட்டங்களில் பத்து விழுக்காட்டு நிலத்தை, அதே இடத்திலோ அருகிலோ எளியோரின் வீடுகளுக்கென ஒதுக்கச் சொன்னது. பிற்பாடு நிலத்துக்குப் பதில் உறைவிட நிதிக்குப் பணம் செலுத்தும் முறை வந்தது. பணம் தவறான ஏற்பாடு என்று சொல்ல மாட்டோம். ஆனால் பணத்தை எங்கே வேண்டுமானாலும் செலவழிக்கலாம். நிலம் விலை குறைந்த தொலைவில் செலவழிப்பதே எளிது. நிலமாக இருந்தவரை அது அருகிலேயே இருந்தது. எங்கள் தெருமுனையின் மருத்துவர் மகளும் ஆலைத் தொழிலாளியின் மகளும் ஒரே பள்ளிக்குப் போனதெல்லாம் அந்த அருகாமையால்தான். 2022இல் சென்னைப் பெருநகரின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. புறஞ்சேரி இன்னும் வெகுதூரம் தள்ளிப்போக இடமிருக்கிறது என்பதே இதன் இன்னொரு பொருள். மாறாக, இத்தனை நிலம் கைவசம் இருக்கும்போது, வேலைக்கு அருகே நாற்பது நாற்பது சதுர மீட்டராக மீண்டும் மனைகளைப் பிரித்துக் கொடுக்க ஒருவராவது எண்ணிப் பார்க்கலாகாதா என்பது எங்கள் ஆசை.

* * *

கட்டுமானக்காரர் சொன்ன தொகை பெரிது. நாங்கள் இருவரும் இதுவரை சேர்த்ததைவிடப் பெரிது. நான்கு மனைகள் சேர்ந்தால் சாலை நோக்கிய அடுக்குமாடி எழும். அதில் எங்களுக்கும் ஒரு வீடு உண்டாம். முடிக்கப்பட்ட வீடு. எங்களில் இளையவனுக்குப் பிள்ளைகளின் படிப்பு இருக்கிறது. மூத்தவளுக்கு ஓய்வுக்காலம் நெருங்குகிறது. அம்மாவால் மாடியேற முடியவில்லை. விற்க வேண்டாம் என்று சொல்வதற்கு எங்களிடம் நியாயங்களைவிட நினைவுகளே அதிகம் என்பதையும், நினைவுகளை வைத்து ஒரு குடும்பத்தை நடத்த முடியாது என்பதையும் நாங்கள் அறிவோம்.

இந்தப் பொங்கலுக்கும் அத்தை வந்திருந்தார். இப்போது அவரும் மாடியேறுவதில்லை. முன்னறையில் அம்மாவின் தையல் இயந்திரம் இருந்த இடத்தில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். காய்கறி வண்டி போயிற்று. பள்ளிப் பிள்ளைகள் போனார்கள். யாரோ நின்று அம்மாவிடம் நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள். வெகுநேரம் கழித்து எங்களைப் பார்த்து, "இந்த ரூமை வாடகைக்கு விடுவீங்களாம்மா? வாசல்ல ஒரு பலகை போட்டு உக்காந்தா, நாலு பேருக்கு மீன் வெட்டிக் குடுப்பேன். சும்மா இருக்க முடியல" என்றார்.

அத்தையிடம் வாடகை கேட்பதா என்று அம்மா கோபித்துக்கொண்டார். அத்தை விடவில்லை. வாடகை கொடுத்தால்தான் வருவேன் என்றார். பலகைக்கு மேலே வெயில் மறைக்க ஒரு சிமெண்டு ஷீட் இறக்க வேண்டும், கழுவும் தண்ணீர் தெருவில் ஓடாமல் வடிகாலுக்குப் போக ஒரு குழாய் பதிக்க வேண்டும் என்று இருவரும் அங்கேயே திட்டம் போடத் தொடங்கினார்கள்.

கட்டுமானக்காரருக்கு நாங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. மற்ற மூன்று வீட்டாருக்கும் எங்களால் நட்டம் வரக்கூடாது என்பதால் விரைவில் சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்வோம் என்று எழுதும் இந்த நேரம்வரை எங்களுக்கே உறுதியில்லை. ஆனால் சென்ற வாரம் மேஸ்திரியை வரச்சொல்லியிருந்தோம். முன்வாசலில் ஷீட் இறக்குவதற்கு அளவெடுத்தவர், பழக்கதோஷத்தில் மாடிக்கும் ஏறிப்போய்க் கம்பிகளைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "உள்ளே நல்லாத்தான் இருக்கு. இன்னொரு தளம் தாங்கும்" என்றார்.